திறந்து பார்க்காத பானட்

மச்சான்,

நேற்றுக் காலையில் கார் மெழுகு வாசனை மூக்கில் ஏறி எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தட்டையான தகர டப்பாவில் மஞ்சளாக இறுகிக் கிடக்குமே, அந்த மெழுகுதான். மேனேஜர் பங்களாவின் முன்னால் அவருடைய பழைய காரை ஓர் ஆள் துணி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். விற்கப் போகிறாராம். இப்போது இருக்கிறவர் வெள்ளைக்காரர் இல்லை, கோலாலம்பூர்க்காரர். ஆனாலும் நம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் அவரும் துரைதான்.

காரை வாங்க வந்தது யார் தெரியுமா? உன் மூத்தவன். "நீங்களும் கூட வாங்க மாமா. இங்கிலீசுல பேசுனா எனக்கு வெளங்காதுலா" என்று என்னை அழைத்துக்கொண்டு போயிருந்தான். கார் நின்ற சிமெண்டுத் தரையில் கால் வைக்கும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். இருபத்தாறு வயசு, தோளில் தேயிலை மூட்டையைத் தூக்கினால் இறக்க மறந்து நடக்கிறவன், அந்தக் காருக்கு நாலடி தள்ளி, இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டு நின்றான். காரைப் பார்க்கவில்லை. காரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, "பளபளன்னு இருக்குல்ல மாமா" என்றான்.

எனக்கு வந்தது கோபம் இல்லை. அருவருப்பு. அது அவன்மேல் இல்லை, என்மேல்தான் என்று உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே நீ போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இனிமேலாவது எழுதுகிறேன்.

நமக்கு ஏன் வண்டி வேண்டியிருந்தது என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். ஊர் சுற்ற இல்லை. தொழிற்சாலையில் நீ ஃபிட்டர். தேயிலை சலிக்கிற அறையில் எந்த மிஷின் நின்றாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். வெளியே வரும்போது உன் கண்ணிமை, காது மடல் எல்லாம் பழுப்பாகத் தூள் படிந்திருக்கும். நான் அதே தொழிற்சாலையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையில் பேனா சொருகிய, கணக்கெழுதும் கிராணி. ஒரே லைனில் பிறந்து, ஒரே தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள்தான் நாம். நான் தானா ராத்தா டவுனுக்குப் போய் இங்கிலீஷ் கொஞ்சம் படித்துவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை நான் எப்படித் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே என் முகத்தில் துப்பத் தோன்றுகிறது.

உன் இருமல் நிற்கவில்லை. டாக்டர் உன்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார், இந்தத் தூசியை விட்டு இவர் வெளியேறாவிட்டால் நெஞ்சு தாங்காது என்று. அப்போது போட்ட திட்டம்தான் வண்டி. லைன் ஆட்களைத் தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் ஏற்றிப் போவது, ஆஸ்பத்திரி, கல்யாணம், தைப்பூசம் என்று. நீ ஓட்டுவாய், நீயே பழுது பார்ப்பாய். ஆறு மாதம் ஓடினால் போதும், சலிக்கிற அறைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்றாய். உன் சேமிப்போடு என்னுடையதையும் சேர்த்தோம்.

அது எழுபத்தாறாம் வருஷம். விலைக்கு இரண்டு வண்டிகள் இருந்தன. முதலாவது, திரிங்காப்பில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போமே, அவர் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்த ஜப்பான் வேன். அந்த வேனுக்குப் பக்கத்தில் போனதுமே நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அழுகிய கோசு நாற்றம். தரைத் தகரத்தில் ஒட்டிக் காய்ந்த இலைகள், பின்கதவில் நசுங்கல், ஒரு பக்கத்து விளக்குக்குக் கம்பி கட்டியிருந்தது. தவுக்கே மட்டும் வெட்கப்படவே இல்லை. "புக்கா லா! தெங்கோ லா!" என்று மலாயில் கத்தி, முன்பக்க எஞ்சின் மூடியான பானட்டைத் தானே தூக்கிவிட்டு, திறந்து பார், நன்றாகப் பார் என்று உன்னைத் தள்ளினார்.

நீ அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துப் போட்டு அடியில் படுத்தாய். அரை மணி நேரம் உன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவி முகர்ந்தாய், விரலில் தடவித் தேய்த்துப் பார்த்தாய். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாய். கம்போங் ராஜா வரைக்கும் ஓட்டிப்போய், ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி கிளப்பினாய். தவுக்கே தானாகவே குறைகளைச் சொன்னார். கிளட்ச் போன வருஷம் மாற்றியது, பிரேக் இன்னும் ஒரு வருஷம்தான் வரும், மழையில் பின்கதவு ஒழுகும். அவர் அப்படி உண்மையைச் சொன்னதே எனக்கு இளப்பமாகப் பட்டது. நல்ல சாமான் வைத்திருப்பவன் குறை சொல்லுவானா என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னாய்: "அசிங்கமான வண்டிதான் மச்சான். ஆனா இதுல என்னா கெட்டுப்போவும், எப்பக் கெட்டுப்போவும்னு எனக்குத் தெரியும். சாமான் தாப்பாவுலயே கெடைக்கும். நானே மாத்திருவேன். வாங்குற வெலய விடு, வச்சிருக்குற வெலயப் பாரு."

நான் என்ன சொன்னேன்? "கோசு நாத்தத்துல கல்யாணப் பொண்ணு ஏறுவாளாடா?" என்றேன். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்து, அதிலேயே இரும ஆரம்பித்தாய்.

இரண்டாவது, அப்போது உதவி மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர், நம் சின்னத் துரையின் கார். அவர் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகவிருந்தார். கரும்பச்சை நிறம், தோல் இருக்கை, உள்ளே மரப்பலகை பதித்த முன்பக்கம். தினமும் காலையில் பங்களா ஆள் அதற்கு மெழுகு போடுவதை லைனே நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகும். துரை வைத்திருந்த கார் கெட்டுப்போகுமா என்று கங்காணி கேட்டார். அதை யாரும் மறுக்கவில்லை. நம் ஆட்களுக்குக் காரைப் பார்க்கத் தெரியாது மச்சான், காரில் யார் உட்கார்ந்திருந்தார் என்று மட்டும்தான் தெரியும். அதில் முதல் ஆள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். நகத்துக்குள் இருந்த கிரீஸைக்கூட மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக்கொண்டு வந்திருந்தாய். வழியிலேயே நான் உனக்குப் பாடம் எடுத்தேன், பேசாமல் நில், எதையும் தொடாதே என்று. அப்படியும் நீ காரைச் சுற்றி வந்து, பானட்டின் விளிம்பில் நான்கு விரல்களை மெதுவாக வைத்து, "ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துக்கட்டுமான்னு கேளு மச்சான்" என்று என் காதில் சொன்னாய்.

நான் கேட்கவில்லை. ஆனால் துரை உன் விரல்களைப் பார்த்துவிட்டார். அவருக்குத் தமிழ் பத்து வார்த்தைகூடத் தெரியாது. சிரித்துக்கொண்டே என்னிடம் இங்கிலீஷில் இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார். நான் "யெஸ் சார்" என்றேன். பிறகு உன் பக்கம் திரும்பி, "வேணாங்கிறாரு. வாங்க வர்றவன் தொறந்து நோண்டுறது அவங்க வழக்கத்துல மரியாத இல்லியாம்" என்று மொழிபெயர்த்தேன். நீ விரல்களை எடுத்து, பட்ட இடத்தைச் சட்டை முனையால் துடைத்துவிட்டாய். "தொர சொன்னா சரிதான்" என்றாய்.

வாங்கிவிட்டோம். நான் பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு லைனுக்குள் வந்தேன். முன்னிருக்கையில் உன் பக்கத்தில் உட்காராமல் ஏன் பின்னால் உட்கார்ந்தேன் என்று நீ கேட்கவே இல்லை.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் நீ செய்த முதல் வேலை பானட்டைத் திறந்ததுதான். எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாய். அடியில் கெட்டித் தயிர் மாதிரி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. எனக்கு அது என்னவென்று புரியவில்லை. நீ மட்டும் அதை விரலால் வழித்து என்னிடம் காட்டி, "எண்ணெயில தண்ணி கலக்குது மச்சான். உள்ள கேஸ்கட்டு போயிருச்சு" என்றாய். சத்தம் போடவில்லை. அந்த வெள்ளைக் களிம்பு இப்போதும் என் கண்முன் நிற்கிறது.

அதற்குப் பிறகு அந்தக் கார் நம்மைத் தின்றது. தாப்பாவில் அதற்குச் சாமான் கிடையாது, ஈப்போவில் கிடையாது, கோலாலம்பூரில் எழுதி வைத்துக்கொண்டு கப்பலில் வரும் என்றார்கள். வந்து மாட்டினால் மூன்று மாதத்தில் வேறொன்று போகும். வண்டி ஓடிய நாளைவிட வாசலில் தார்ப்பாயின் அடியில் கிடந்த நாள்தான் அதிகம். வெளியேற வேண்டிய நீ, அந்தக் காருக்குச் சாமான் வாங்குவதற்காகவே சலிக்கிற அறையில் ஓவர்டைம் பார்த்தாய்.

கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? ரிங்லெட் தாண்டி வளைவில் ஆவி கிளம்பி நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. பட்டுப்புடவையோடு பெண் ரோட்டோரப் பாறையில் உட்கார்ந்து அழுதாள். அப்போது மேலேயிருந்து வந்து நின்றது அதே திரிங்காப் வேன். யாரோ வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பின்கதவு நசுங்கல்கூட அப்படியே இருந்தது. பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோசு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து போயே விட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னதை நீ சொல்லிக்காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் உண்மையைக் கக்கியிருப்பேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டோம். நீ சலிக்கிற அறையிலேயே இருந்தாய். கடைசி வருஷம், வாசற்படி நாலு ஏறினால் நின்று மூச்சு வாங்குவாய். அப்போதும் என்மேல் உனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "அன்னிக்கு அந்தத் தொர ஒரு தடவ தொறக்க விட்டிருந்தான்னா…" என்று இருமலுக்கு நடுவே சொல்லுவாய். நான் உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஆமாடா, பாவி" என்று தலையாட்டுவேன். ஊரில் நானும் எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன் மச்சான். அந்தத் தலையாட்டலைப் போல் கேவலமான ஒன்றைப் பார்த்ததில்லை.

நேற்று உன் மகனிடம், "செருப்பப் போடுடா. பானட்டத் தொற" என்றேன். அவன் இன்னும் ஓரடி பின்வாங்கினான். "வேணாம் மாமா, தொர தப்பா நெனைப்பாரு" என்றான். நான் பங்களாப் பக்கம் திரும்பி, திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மேனேஜர் நிமிரக்கூட இல்லை. "தெங்கோ லா", பார்த்துக்கொள் என்றார். அவ்வளவுதான் மச்சான். வானம் இடிந்து விழவில்லை.

எண்ணெய் மூடியைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். அடியில் வெள்ளை இல்லை, கறுப்பாகத்தான் இருந்தது. ரிங்லெட் வரை ஓட்டிப் பார்த்தோம், ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கியது. காரைக் கொண்டுவந்து விட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்து வந்தோம். தேயிலைச் சரிவில் இறங்கும்போது அவன் கேட்டான்: "அப்பா ஃபிட்டராச்சே மாமா. அந்தப் பச்சக் கார வாங்கும்போது ஏன் இப்படிப் பாக்கல?"

"தொர விடலடா" என்றேன்.

நேற்றும் அதையேதான் சொன்னேன். உன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்துப் பார்த்தேன், போகவில்லை.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். துரையிடம் காசு வாங்கவில்லை, பதவி கேட்கவில்லை. என்னோடு வந்த ஆள் துரையின் காருக்கு அடியில் அட்டையைப் போட்டுப் படுத்து, முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து நின்றால், துரை என்னையும் உன்னோடு சேர்த்து எடைபோட்டுவிடுவாரே என்ற கூச்சம். உன் நெஞ்சுக்கு என்ன ஆகும் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் கூச்சப்பட்டேன்.

அந்த இங்கிலீஷ் வாக்கியங்கள் பன்னிரண்டு வருஷமாக ஓர் எழுத்து பிசகாமல் எனக்குள் கிடக்கின்றன. அன்று சரியாக மொழிபெயர்க்கவில்லை. இப்போது சொல்கிறேன், கேள். சின்னத் துரை உன் விரல்களைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்:

"உங்கள் நண்பர் ஃபிட்டர்தானே? திறந்து நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி கொஞ்ச நாளாகத் தண்ணீர் குடிக்கிறது. ஏனென்று அவருக்குத் தெரியும்."