உட்கார்ந்தே ஊற்று, தக்ரீத்

அன்பு மகளே,

இர்பித் நகர மாதர் கூட்டத்தில் பேசப் போகிறேன், இருட்டுவதற்குள் திரும்புவேன். நான்கு மணிக்கு உன் அத்தை விதாத் வருகிறார். உப்பிட்ட எலுமிச்சை நீர் குளிர்பெட்டியில் இருக்கிறது. அவர் வருவதற்குள் முழுவதும் குடித்துவிடு. இறுக்கக் காலுறை உன் கட்டிலில்; படுத்தபடியே அணிந்துகொள்.

சென்ற வெள்ளியன்று நடந்ததற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. விருந்தினர் போதுமென்று கிண்ணத்தை ஆட்டும்வரை காபி ஊற்றுபவர் நிற்க வேண்டும் என்ற வழக்கத்தைக் காத்தேன், உன்னைக் காக்கவில்லை. அத்தை பேச்சு மும்முரத்தில் கிண்ணத்தை ஆட்ட மறந்தார்.

"அம்மா, நெஞ்சு படபடங்குது, உட்காரட்டுமா?" என்றாய்.

"ஒரு நிமிஷம் நில்லுடி, மானத்தை வாங்காதே" என்றேன். மறுகணம் தரையில் கிடந்தாய்.

நின்றால் இதயம் தறிகெட்டு ஓடும் போட்ஸ் நோய் உனக்கென்று அறிந்த நான், பழைய வழக்கங்களை மேடைதோறும் சாடும் நான், என் வீட்டுக் கூடத்தில் ஒரு கிண்ணத்துக்கு அஞ்சினேன்! இனி அஞ்சமாட்டேன். காபிக் கெண்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டிருக்கிறேன். உட்கார்ந்தே ஊற்று.

உன் அம்மா

பி.கு.: அத்தையிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "ஊருக்கெல்லாம் புரட்சி பேசுற, உன் வீட்டு முக்காலிக்கு என்கிட்ட அனுமதி கேக்குறியா ரபாப்?" என்று சிரித்தார்.

கிளம்பும்போது நினைவு வந்தது, இதையும் சொன்னார்: "முதல் கிண்ணம் அவ ஊத்தட்டும். அப்புறம் கெண்டியை என்கிட்ட குடுத்துட்டுப் படுத்துக்கிட்டே கதை கேக்கட்டும். நிக்கிறதுக்கு எனக்குத்தான் நல்ல காலு ரெண்டு இருக்கே!"