மேலிருந்து கீழே இறங்கிய கண்கள்

நைனா,

அம்மா இன்று உன் கம்பெனி சட்டையை உதறி வெயிலில் போட்டாள். எத்தனை முறை துவைத்தும் மெஷின் ஆயில் வாசனை போகவில்லை. அந்த வாசனையோடுதான் நீ கட்டிலில் சாய்ந்து, உனக்கு ஜப்பான் பாஷை கற்றுக்கொடுத்த கம்பெனி இன்ஜினீயர் தந்த ஜப்பானியக் கதைப் புத்தகத்தைப் படிப்பாய். நான் உன் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். தமிழ்ப் பேப்பரில் இடமிருந்து வலம் ஓடும் கண்கள், வரிகள் செங்குத்தாக ஓடும் அந்தப் புத்தகத்தில் மட்டும் மேலிருந்து கீழே இறங்கும். நடுநடுவே நின்று குதிக்கும்.

“இன்னாடி, என் மூஞ்சில சினிமா ஓடுதா?”

“உன் கண்ணு எதுக்கு நைனா நின்னு நின்னு போவுது?”

“கோடு நெருக்கமா கீற எழுத்துலதான் அர்த்தம் கீது. அங்க நிக்கும். மத்ததெல்லாம் வழுக்கிக்கினு பூடும்.”

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து நீ விழுந்த பிறகு, உன் உடம்பில் எதுவும் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் முகத்துக்கு நேரே விரலை இடமும் வலமும் நகர்த்தினார். உன் கண்கள் தொடரவில்லை. சித்தப்பா உன் தலைமாட்டிலேயே நின்று சொன்னார்: “அண்ணனுக்கு நெனப்பு இல்ல அண்ணி. டியூப கழட்டி வூட்டுக்கு இட்டுக்கினு பூடலாம். வண்டிக்குச் சொல்லிட்டேன்.” அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள்.

எனக்கு ஒன்று தோன்றியது. பக்கவாட்டில் மட்டும்தானே பார்த்தார்கள்? உன் பக்கத்தில் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த புத்தகத்தை விரித்து உன் முகத்துக்கு நேரே பிடித்தேன். உன் கண்கள் இறங்கின. வரியின் நடுவில் விரலை வைத்து மறைத்தேன். விரலுக்கு மேலேயே நின்றன. விரலை எடுத்தேன், கீழே போயின. வரி முடிந்ததும், பக்கவாட்டில் போக முடியாத உன் கண்களுக்காக நானே புத்தகத்தை நகர்த்தினேன். அடுத்த வரியின் தலைக்கு ஏறின.

“டாக்டர், எங்க நைனா படிக்கிறாரு!”

“சும்மா இரு பாப்பா, வண்டி வந்து நிக்குது,” என்றார் சித்தப்பா.

டாக்டர் குனிந்தார். “நான் சொல்றது கேக்குதுன்னா கண்ண மேல தூக்குங்க.”

தூக்கினாய்.

“நாங்க இங்க பேசிக்கினு இருந்ததுகூடவா?” அம்மாவின் குரல் உடைந்தது.

மறுபடியும் தூக்கினாய். சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி காலியாகப் போனது.

பிறகு நீ இருந்த சில வாரங்களில், அம்மா எதையும் உன்னைக் கேட்டே செய்தாள். கடைசி நாளிலும், விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டுத்தான் அணைத்தாள்.

நேற்று பக்கத்து வீட்டு மாமா நினைவின்றிக் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் கால்மாட்டில் நின்று, “இனிமே தேறாது” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் முகத்தருகே உட்கார்ந்தேன்.

“மாமா, இவங்கள வெளிய போவச் சொல்லட்டுமா?”

கேட்டுவிட்டு, அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.