முதல் குடம் யாருக்கு

கோலசிலாங்கூர்,
12.3.1953

அன்பு மகள் நவமணிக்கு, அம்மா நல்லம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை கங்கா எழுதுவது. இங்கே ஆட்டுக்குட்டி உட்பட எல்லாரும் சுகம். ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் வாலும் சுகமென்று எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். (வால் என்றது நான், அக்கா. அம்மா பிள்ளை என்றுதான் சொன்னாள்.)

தலைப்பிரசவத்துக்கு உன்னை அழைக்க வேண்டாமென்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சுப்பிரமணியம் தடுத்ததில் நீ அழுதிருப்பாய், நானும் அழுதேன். பிள்ளைகளுக்கு ஓயாமல் வயிற்றுவலி வரவும் அவர் லயத்துக் குழாயைப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்தார், வெள்ளிபோல் மின்னியது. காரீயமாம், விஷமாம், ராத்திரியெல்லாம் அதில் தேங்கி நிற்கிற தண்ணீர்தான் ரொம்பப் பொல்லாததாம், பிள்ளைத்தாச்சிக்கு ஆகவே ஆகாதாம். நாமோ முதல் குடம்தான் சுத்தமென்று சாமிக்கும் காப்பிக்கும் அதையே பிடித்தோம். விடியலில் ஊரடங்கு முடிந்ததும் முதலில் நிற்கப் பக்கத்து வீட்டு வேலம்மாவோடு நான் மல்லுக்கட்டியது உனக்குத் தெரியுமே. (டிரசர் சொன்ன மறுநாள் பார்க்கணும், நீ பிடி அக்கா, இல்லை நீ பிடி என்று ஒரே மரியாதை. அப்புறம் கடைசி இடத்துக்குச் சண்டை லா.)

துரை இரும்புக் குழாய் போடச் சம்மதித்தாலும் கம்பிவேலிக்கு அடியில் தோண்ட போலீஸ் உத்தரவு வரத் தாமதமாகிவிட்டது. லோரியில் வந்த குழாய்களுக்குள் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி ஒளித்திருக்கிறதா என்று கேட்டில் ஒவ்வொன்றாகக் கண் வைத்துப் பார்த்தார்கள். (ஒன்றில் மறுமுனையில் என் கண் இருந்தது. போலீஸ்காரர் பயந்து தொப்பியைக் கீழே விட்டுவிட்டார்.) எல்லாம் மாற்றியாச்சு என்றார் வேலையை மேய்த்த மண்டோர் காளியண்ணன். நான் நம்பாமல் பாக்குவெட்டியால் சுரண்டினேன், குழாய் வாய்க்குக் கீழே ஒரு முழத் துண்டு மின்னியது. என் மகள் குடிக்கப்போகிற தண்ணீர், இதையும் மாற்றாமல் நகராதே என்று நின்றேன். நேற்று மாற்றிவிட்டார், டிரசரும் உன்னை வரச் சொல்லிவிட்டார். (அம்மா இப்போது கண்டதையெல்லாம் சுரண்டுகிறாள். மண்டோர் சைக்கிளைத் தூரமாக நிறுத்துகிறார்.)

அங்கேயும் குழாயைச் சுரண்டிப் பார், தாயி. மின்னினால் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பிடி. அடையாளக் கார்டை மறக்காதே, பொழுது சாயுமுன் வந்துவிடு, பலகாரம் கட்டி வராதே, கேட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். தாயும் பிள்ளையும் நல்லபடி இரண்டு உயிராகி நூறு வயசு வாழணும்.

இரும்புக் குழாய் வந்ததால் இனி முதல் குடத்துக்குப் பயமில்லை, பிள்ளை பிறக்கும்வரை அது உனக்குத்தான் என்று வேலம்மா சொல்லிவிட்டாள். பிறந்த மறுநாள் சண்டை தொடருமாம்.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா,
நல்லம்மாள்
(கைரேகை அம்மாவுடையது, மைக்கறை என்னுடையது.)