ஹாஜியார் முன்னால் வைத்த காப்பி

அன்பு மகன் நிதாலுக்கு உன் உம்மா எழுதிக்கொள்வது. உனக்கு என் ஸலாம். அந்தக் குளிர் ஊரில் நீ நெஞ்சுச் சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே உன் வாப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கோபம், மற்றபடி எல்லோரும் சுகம். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், கத்தினால் நீ அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அம்மான் நகரத்துக்குப் போகிற உன் சின்ன மாமாவிடம் கொடுத்து அங்கிருந்து தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு வாயைத் திற.

நீ அனுப்பிய செய்தியை உன் தங்கை சுஹா காட்ட மாட்டேன் என்றுதான் சொன்னாள், நான்தான் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். உதவி செய்ய வந்த வயதான அம்மாளின் கையில் நான் அடித்துவிட்டேனாம், அந்தப் படத்தை உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்களாம், உனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லையாம். கழுத்துக்கு மேலேயே வைத்துக்கொள் மகனே, அது நான் பெற்ற முகம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெர்கனில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை நிமிஷப் படம் பார்த்துவிட்டு உம்மாவுக்குத் தீர்ப்பு எழுதுகிறாய். கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது உனக்குத் தெரியாதா? என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அந்த அரை நிமிஷத்துக்கு முன்னால் ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறது. அதை எவளும் படம் பிடிக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, சுஹாவைப் பெண் கேட்க மாமூன் வீட்டுப் பெரியவர்கள் வருவதாக இருந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். கூடம் நிறைய நாற்காலி போட்டு, உன் பெரியப்பா தும்பைப்பூ மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். மாமூன் யார் என்று உனக்குத் தெரியும், சுஹாவோடு கல்லூரியில் படித்தவன், தண்ணீர் இலாகாவில் வேலை, தங்கமான பையன். குறை ஒன்றே ஒன்றுதான், அவன் ஊர் ராணுவச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம். கூப்பிடு தூரம்தான். ஆனால் வண்டிப் பாதையை ராணுவம் மண் கொட்டி மூடிவிட்ட பிறகு யாராக இருந்தாலும் சாவடியின் அந்தச் சுழல் கம்பிக் கதவு வழியாக நடந்துதான் வர வேண்டும். சுஹாவுக்குப் பள்ளிக்கூட வேலை இந்தப் பக்கம். கட்டிக்கொடுத்தால் தினம் காலையில் வரிசையில் நின்று வர வேண்டும், சாயங்காலம் வரிசையில் நின்று போக வேண்டும். வரிசை என்றால் உங்கள் ஊரில் ரொட்டிக்கடையில் நிற்கிற வரிசை இல்லை. எதிர்வீட்டு உம்மு ஜலால் சொந்தத் தம்பியின் மையித்துக்குப் போனவள், அடக்கம் செய்து எல்லோரும் திரும்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். உன் சின்ன மாமா கூடை கூடையாகத் தக்காளி கொண்டுபோனால் அந்தப் பக்கம் சேரும்போது குழம்புக்குத்தான் ஆகும். எப்போது திறப்பார்கள், எப்போது மூடுவார்கள், அங்கே நிற்கிற ராணுவப் பையன் காலையில் எந்தப் பக்கம் எழுந்தான், எல்லாம் நம் தலையெழுத்து. அதனால் உன் வாப்பா, வருகிறவர்களிடம் கொஞ்சம் யோசிக்க அவகாசம் கொடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தார். நானும் அப்போது அவர் கட்சிதான். சுஹாவுக்கு அது தெரிந்துவிட்டது, பாத்திரங்களை டமால் டமால் என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

அஸர் போயிற்று, அவர்கள் வரவில்லை. மாமூனின் பெரியப்பா ஷஹாதா ஹாஜியார்தான் பெண் கேட்டுப் பேச வேண்டியவர். சாவடியில் அவருடைய அடையாள அட்டையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எல்லாம் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். பேசுகிறவரை விட்டுவிட்டு மற்றவர்கள் எப்படி வருவார்கள்? பெரியவரை அங்கே உட்கார வைத்துவிட்டு வந்து நம் வீட்டில் பலகாரம் சாப்பிடுவார்களா? எல்லோருமே அங்கேயே நின்றுவிட்டார்கள். உன் வாப்பாவை நீங்கள் போய்ப் பாருங்கள் என்றேன். பெண் வீட்டுக்காரன் தெருவுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டாரைத் தேடினால், பெண்ணைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று ஊர் சிரிக்கும் என்று நாற்காலியை விட்டு அசையவில்லை. அவர் சொன்னதும் சரிதான், வழக்கம் அதுதான். ஆனால் மூச்சு வாங்குகிற கிழவர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். நான் காப்பியை ஃபிளாஸ்கில் ஊற்றி, நல்ல கோப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு வேனில் ஏறிவிட்டேன்.

போனால் ஹாஜியார் சிமெண்டுக் கட்டைக்கு அந்தப் புறம், வெள்ளைத் தலைத்துணியும் மடிப்புக் கலையாத அங்கியுமாக ஒரு தகர டப்பா மேல் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் புறம் நீ பரிந்துகொண்டு வருகிறாயே, அந்த ஹெத்வா. மார்பில் வில்லை குத்திக்கொண்டு, கூட ஒரு இளம்பெண்ணோடு நிற்கிறாள். அந்த ராணுவக்காரர்களின் ஜனங்களிலிருந்தே, சாவடியில் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள முறை வைத்து வருகிறார்களே, அந்தப் பெண்கள்தான். கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். மழையிலும் வந்து நிற்கிறாள், அவள் ஜனங்களே அவளைத் துரோகி என்று காறித் துப்பிவிட்டுப் போகிறார்கள், துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அன்றும் மதியத்திலிருந்து ராணுவ ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறாள். சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரே பதில். கிழவரின் பல் விழுந்த வாயில் என்னத்தைச் சரிபார்க்கிறார்களோ.

நான் கோப்பையை எடுத்துக் காப்பி ஊற்றி அந்தச் சிமெண்டுக் கட்டை மேல் ஹாஜியார் முன்னால் வைத்தேன். தாகத்துக்குத்தான் கொண்டுபோனேன். அவர் தொடவில்லை. கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். அவர் பின்னால் இருந்த ஆண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உனக்கு அந்த ஊரில் மறந்துபோயிருக்கும், அதனால் எழுதுகிறேன். பெண் கேட்க வந்தவர் முன்னால் வைக்கிற காப்பியை அவர் கேட்டு, நாம் சரி என்று சொன்ன பிறகுதான் குடிப்பார். அதுவரை அந்தக் கோப்பையை வேறு யாரும் தொட மாட்டார்கள். குடிக்காமல் அவர் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை. ஹாஜியார் பிஸ்மில்லாஹ் என்று ஆரம்பித்துவிட்டார். அப்போது அந்த ராணுவப் பையன் என்ன கூட்டம் என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஹெத்வா அவனைச் சமாதானப்படுத்த அவர்கள் பாஷையில் கல்யாண விஷயம், நல்ல மனிதர்கள் என்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, கட்டை மேலிருந்த அந்தக் கோப்பையை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவனும் கையை நீட்டினான்.

என் மகள் யாருக்கு என்கிற பதில் அந்தக் கோப்பையில் இருந்தது. அதைக் கொண்டுபோய் அவன் வாயில் ஊற்றப் பார்த்தாள். நல்ல எண்ணத்தோடுதான், இல்லை என்று யார் சொன்னார்கள்? நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். கோப்பை கீழே விழுந்து உடைந்தது, காப்பி அவள் செருப்பெல்லாம் தெறித்தது. நான் கத்தினேன். அந்த இளம்பெண் அங்கேதான் படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறாள். அவன் துப்பாக்கியை என் பக்கம் திருப்பியதும் பயந்து நிறுத்திவிட்டாள். இவ்வளவுதான் நீ பார்த்தது.

நீ பார்க்காதது இனிமேல்தான். துப்பாக்கி என் பக்கம் திரும்பியிருக்கும்போதே ஹாஜியார் மெதுவாக, "சிந்தின காப்பி நல்லதுக்குத்தாம்மா, இன்னொண்ணு ஊத்து" என்றார். கோப்பைதான் உடைந்துவிட்டதே, ஃபிளாஸ்கின் மூடியிலேயே ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். நம் வீட்டு ஆண்பிள்ளை ஒருவரும் அங்கே இல்லை, அவர் என்னைப் பார்த்தே கேட்டார். எங்க மாமூனுக்கு உங்க சுஹாவைக் கேட்டு வந்திருக்கோம் என்று, நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரியே, முறை தவறாமல், இரு வீட்டுப் பெரியவர்களின் பெயரும் சொல்லிக் கேட்டார். அவகாசம் கொடுங்கள் என்ற வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அந்தப் பையன் பின்னால் போ, பின்னால் போ என்று உறுமிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. என் மகள் எந்த ஊரில் வாழ வேண்டும் என்று இவனா சொல்வது? இந்தக் கம்பிக்குப் பயந்து நான் அவளை வீட்டில் வைத்துக்கொண்டால், அந்த அதிகாரத்தை அவன் கேட்காமலே நான் அவன் கையில் கொடுத்த மாதிரிதானே. "குடிங்க ஹாஜியாரே, எங்க பொண்ணு இனி உங்க பொண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரே மடக்கில் குடித்தார். அதன் பிறகும் இருட்டும் வரை அட்டையைத் தரவில்லை.

உன் வாப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "பொண்ணையும் நீயே குடுத்துட்டே, கல்யாணச் சோத்தையும் நீயே போட்டுரு" என்றார். அதற்குள் கறிக்கடைக்காரனிடம் ஆட்டுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஹெத்வா அடுத்த வாரம் வீட்டுக்கே வந்தாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் அரபியில் அழுதாள். அழாதே, உன் கண்ணீரை வைத்து நான் என்ன செய்ய என்றேன். "இத்தனை வருஷமா அங்க நின்னு எங்களைப் பார்க்கறே, எங்க வீட்டுக்குள்ள இன்னிக்குத்தான் வந்திருக்கே" என்றும் சொன்னேன். கோபம் தீரவில்லை, ஆனாலும் காப்பி கொடுத்தேன், குடிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு சுஹா போகிற வேளைக்கு நீ சாவடியில் நிற்க வேண்டும் என்று ஹெத்வாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளால் கதவைத் திறக்க முடியாது, ஆனால் அவள் நிற்கிறபோது அந்தப் பையன்கள் கொஞ்சம் வாயை அடக்குகிறார்கள். அதற்காவது ஆகட்டும். நீயும் அந்தப் படத்துக்குக் கீழே, இது என் உம்மா, அந்தக் கோப்பை என் தங்கையுடையது என்று எழுது. முகத்தை எங்கே வைப்பது என்று அதன் பிறகு யோசி.

சுஹா நன்றாக இருக்கிறாள், பாத்திரங்களை இப்போது மெதுவாக வைக்கிறாள். உனக்கு அல்லாஹ் உடம்பில் பலமும் மனதில் ஈரமும் தரட்டும், நீ செய்கிற வேலையில் பரக்கத் உண்டாகட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஒலிவ் பறித்து முடிந்த மறு வெள்ளி கல்யாணம். லீவு கிடைக்காது என்று எழுதினாய், கேட்டு வாங்கு, இல்லையென்றால் சண்டை போட்டு வாங்கு. மணப்பெண்ணுக்கு அங்கி போர்த்திக் கைபிடித்து வெளியே கூட்டிவர வேண்டியவன் அண்ணன். வாசலோடு உன் வேலை முடியாது, சாவடி வரை நடக்க வேண்டும். அந்தச் சுழல் கம்பியில் ஒருவர் ஒருவராகத்தான் போக முடியும். இந்தப் பக்கம் நீ அவள் கையை விடுவாய், அந்தப் பக்கம் மாமூன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான், நடுவில் அவள் தனியாகத்தான் போக வேண்டும். கையை விடுவதற்காவது நீ வந்து சேர்.

உன்னைத் திட்டினாலும் உனக்காகவே துஆ கேட்கும்
உன் உம்மா
ஃபத்ஹிய்யா