சுவரில் அடைத்த சாரம்

இன்று காலை பின்னறைச் சுவரில் இருக்கும் காற்றுத்துளையின் தகட்டைக் கழற்றித் துடைத்தேன். ஒக்டோபர் பிறந்தால் இது என் வேலை. வாடகைக்கு இருப்பவர்களைத் தொட விடுவதில்லை. அந்த அறையில் இப்போது அடுப்பே கிடையாது, துளை எதற்கு என்று அவர்கள் கேட்டால் எரிந்து விழுவேன். தகட்டுக்குப் பின்னால் ஈரச் செங்கல்லும் பழங்கரியும் கலந்த ஒரு மணம் வரும். அது மூக்கில் ஏறியதும் நீ வந்துவிடுவாய். ஒவ்வொரு வருசமும் வருகிறாய். உன்னோடு பேசும் துணிவு எனக்கு இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கில் விபோர்க் நகருக்கு வெளியே இந்தப் பழைய வீட்டை வாங்கினேன். உனக்குப் பத்து வருசம் முந்தி இந்த நாட்டுக்கு வந்தவன் நான். டேனிஷ் தெரியும், கார் இருந்தது, இப்போது வீடும். அகதி முகாமிலிருந்து வெளியே வந்த நீ பின்னறைக்குக் குடிவந்தாய். குளிருக்கு விறகு எரிக்கும் இரும்படுப்பு அந்த அறைக்குள்ளேயே இருந்தது. நான் நின்ற இறைச்சித் தொழிற்சாலையிலேயே உனக்கும் வேலை கிடைத்தது. விடிய என் காரில் ஒன்றாகப் போவோம். வீட்டுக்காரன் என்ற பெயர் எனக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது. உனக்குத் தெரியாத எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

அந்த ஒக்டோபரில்தான் உன் மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்த கடிதம் வந்தது. டிசம்பரில் வருவார்கள். நீ கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலை செய்தாய். இரண்டு சனிக்கிழமைகள் நாங்கள் வீட்டைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்தோம். கூரைப் பீலியில் அடைந்திருந்த இலைகளை அள்ளினோம். வெளிக்குழாயின் தண்ணீரை வடித்து, கொட்டிலுக்குள் ஓடும் குழாய்க்குச் சாக்குச் சுற்றினோம். யன்னல் இடுக்குகளில் நுரைப்பட்டி ஒட்டினோம். நீ விறகை அடுக்கிய அழகைப் பார்த்து நான் சிரித்தேன். "மூண்டு வயசுப் பிள்ளை வாறது அண்ணை, இடையில விறகு முடியக்கூடாது" என்றாய்.

கடைசியாக மிஞ்சியது அந்தத் துளை. கையை வைத்துப் பார்த்தேன், ஊசி மாதிரிக் காற்று.

"இதை அடைக்காட்டி பிள்ளைக்குச் சளி பிடிக்கும். பழஞ்சாரம் ஒண்டு தா" என்றேன்.

நீ இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தைக் கொண்டுவந்தாய், ஆனால் கையில் தரவில்லை.

"வேண்டாம் அண்ணை. உள்ளுக்கு அடுப்பு எரியுது. புகைக்குக் காத்து வேணும்."

உன் வீட்டார் புகையிலைக்காரர். புகையிலையை உணர்த்தக் குடிலுக்குள் தேங்காய்ப் பொச்சு மூட்டிப் புகை போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. குடிலைத் திறந்தால் ஒரு வெற்றிலை போட்டு முடியும்வரை உள்ளே கால் வைக்கக்கூடாது என்று உன் அப்பு சொல்வாராம். "அடைச்சு வைச்ச புகை ஆளைத் தேடும் எண்டு அப்பு சொல்லுறவர்" என்றாய்.

"இது உன்ர புகையிலைக் குடில் இல்லையடா, டென்மார்க்! இஞ்ச புகை புகைபோக்கியால போகும். எனக்குப் படிப்பிக்க வந்திட்டார் பெரிய மனுசன்!" என்று சாரத்தைப் பறித்தேன். நீ சிரித்தாய். நான் வீட்டுக்காரன், மூத்தவன், உனக்கு வேலை எடுத்துத் தந்தவன். அதற்குமேல் என்ன சொல்வாய்? கிழித்துச் சுருட்டி என் கையாலேயே திணித்தேன், மேலே ஒரு அட்டையும் ஒட்டினேன். அறை சூடாகிவிட்டது என்று பெருமை வேறு.

நவம்பர் கடைசியில் பனி கொட்டி, உறைகுளிர் வந்தது. ஒரு காலை நீ காரடிக்கு வரவில்லை. கதவைத் தட்டினேன். பிறகு உடைத்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். கன்னம் சிவந்து, நல்ல சுகமாக இருப்பவன் போல இருந்தாய். தொட்ட பிறகுதான் தெரிந்தது, உடம்பு விறைத்திருந்தது.

காற்று வராமல் அடுப்பின் நச்சுப்புகை அறைக்குள்ளேயே நின்றுவிட்டது என்ற பொலிஸ்காரர், அட்டையைப் பிய்த்துச் சாரத்தை வெளியே இழுத்தார். "இது அவருடையதா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அது உண்மை. "அவரா அடைத்தார்?" என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். அங்கே டேனிஷ் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான். நான் சொன்னதுதான் எழுத்தில் ஏறியது. ஏன் சொன்னேன்? பயம். வேறொன்றும் இல்லை. வீடு போய்விடும், மறியலில் போட்டுப் பூட்டுவார்கள், சனம் காறித் துப்பும் என்ற பயம். செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியமும் கூடவே இருந்தது.

யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து உன் மனைவியிடமும் அதையே சொன்னேன். "அவரோ? அவரோ அடைச்சவர்?" என்று இரண்டு தரம் கேட்டாள். அழுகையில் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் இங்கே வரவில்லை. சில வருசம் கழித்து அவளையும் பிள்ளையையும் அவளுடைய தமையன் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டான்.

இந்த ஓகஸ்டில் லண்டனில் ஒரு கலியாண வீட்டில் அவளைக் கண்டேன். தலை முழுக்க வெள்ளை. பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். திடீரென்று சொன்னாள்:

"புகைக்குடிலுக்கை வளர்ந்த மனுசன் அண்ணை. அடைச்சால் புகை ஆளைக் கொல்லும் எண்டு தெரியாமல் அடைச்சிருக்க மாட்டார். தெரிஞ்சுதான் அடைச்சவர். நாங்கள் வாறது அவருக்கு விருப்பமில்லை. அதை நான் பிள்ளைக்கு இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்லை."

நாற்பது வருசமாக நீ அவளை வெறுத்துச் செத்ததாக அவள் நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். தட்டில் சோறு இருந்தது, அதைத் தின்று முடித்தேன். அப்படிப்பட்டவன் நான்.

இன்று தகட்டைத் திருப்பிப் பூட்டக் கை வரவில்லை. பின்னேரம், கனடாவில் விடிந்திருக்கும் நேரம் பார்த்து அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாம் சொன்னேன். நீ வேண்டாம் என்றதை, நான் பறித்ததை, இரண்டாவது ஓமை. திட்டுவாள், மண் அள்ளித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப அவர் நாங்கள் வருவம் எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தவரோ?"

"ஓம் தங்கச்சி. பிள்ளை வாறது எண்டு விறகு அடுக்கினவன்."

அவள் தொலைபேசியை வைக்காமலே உள்ளே மகளைக் கூப்பிட்டது கேட்டது: "பிள்ளை, இஞ்ச ஓடி வா. அப்பா எங்களுக்கு விறகு அடுக்கினவராம்." அந்தக் குரலில் அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நான் மெல்ல வைத்துவிட்டேன்.

மன்னிப்பு நான் கேட்கவில்லை, அவளும் தரவில்லை. பொலிஸ் திருப்பித் தந்த பையில் உன் சாரம் இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது, ஒரு பக்கம் கரி. இது அவருடையதா என்று இனி யார் கேட்டாலும் ஓம் என்பேன். அடைத்தது நான் என்றும் சேர்த்துச் சொல்வேன்.