கேட்டபோது நான் சொல்லாத பெயர்

நேற்று கொழும்பு மருதானையில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்துச் சுவரில் ஒருவர் சினிமா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். வாளியிலிருந்த கோதுமை மாப் பசை லேசாகப் புளித்திருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் வந்த பஸ்ஸை விட்டேன், அடுத்த பஸ்ஸையும் விட்டேன். தோட்டத்து லயத்தில் உங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசலில் நாம் சதுரக் கட்டம் போட்ட கொப்பித் தாள்களை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகளின் வாடை அது. உன் தம்பியின் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் வராத அழுகை, போயும் போயும் ஒரு போஸ்டர்காரர் முன்னால் வந்து தொலைத்தது. அவர் பயந்துபோய், "என்னம்மா, யாரும் எதுவும் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

தம்பி நாலே வரி எழுதியிருந்தான். நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது, ஆஸ்பத்திரி தூரம், கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கடைசி வரியில், "அக்கா உங்களப் பத்தி எப்பவும் பெருமையா பேசும்" என்றிருந்தது. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீ இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. இப்போது எழுதி யாருக்கு என்ன பிரயோசனம் என்று எனக்கே தெரியவில்லை.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த டைப்பிங் வகுப்பில்தான் நாம் பழகினோம். நான் டவுன் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். நீ டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்து வருவாய். ஒருநாள் மாதா கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பழைய புத்தகப் பெட்டியைப் பாதர் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒரு சமையல் புத்தகத்தை எடுத்தேன். நீ யாரும் தொடாத தடித்த நீலப் புத்தகத்தைத் தூக்கினாய். அட்டையில் ஆர்.பி.ஜி. என்று மூன்றெழுத்து. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழிகளில் அதுவும் ஒன்றாம். கம்ப்யூட்டரை நாம் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

"எதுக்குடி இது?" என்று கேட்டேன். பாதர் வீட்டுப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து வெட்டியெடுத்த விளம்பரங்களை நீ எனக்குக் காட்டினாய். கோபோல் என்ற மொழி தெரிந்தவர்கள் தேவை என்று வாராவாரம் வரும். அதற்குக் கொழும்பில் வகுப்புகளே நடந்தன. ஆர்.பி.ஜி. கேட்டவர்களோ ஒரே ஒரு கம்பெனி. லொறியும் மெஷினும் இறக்குமதி செய்கிறவர்கள். அதே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள்.

"பாரு புள்ள, ஆளு கெடைக்கல அவங்களுக்கு. கோபோலுக்குப் போனா ஊரே வருசையில நிக்கும். பேரு என்ன, எந்தத் தோட்டம், அப்பாவுக்கு என்ன வேலைன்னு கேட்டு நம்மளக் கடைசியில நிறுத்துவாங்க. இதுக்கு ஆளே இல்ல. ஆளே இல்லாத எடத்துல, நீ யாரு எவருன்னு கேக்க மாட்டாங்க. அவங்கதான் நம்மளத் தேடி வரணும்."

நீ அதை ஒரு மந்திரம் போலச் சொல்வாய். அப்போது உனக்கு இருந்த அவசரம் எனக்கு இல்லை. இலங்கை, இந்திய அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது உன் அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். நீ அப்போது சிறு பிள்ளை. யாரோ எழுதிக் கொடுத்த படிவத்தில் கைநாட்டு வைத்தார், அதில் உன் பெயரும் ஏறிவிட்டது. பாஸ்போட் வந்து பெட்டியில் கிடந்தது. போகச் சொல்லி எப்போது நோட்டீஸ் வருமோ என்ற பயத்திலேயே உங்கள் வீடு விடிந்தது. நல்ல வேலை ஒன்று கிடைத்தால், இவள் இல்லாமல் முடியாது என்று ஒரு கம்பெனி சொன்னால், இங்கேயே இருந்துவிடலாம் என்று நீ நம்பினாய். நீலப் புத்தகத்தை நீ படித்தது அதற்காகத்தான். நான் உனக்குத் துணையாகப் படித்தேன், அவ்வளவுதான்.

அந்த மொழிக்குத் தனித் தாள் உண்டு. குறுக்கே எண்பது கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஒரு கட்டம் தள்ளி எழுதினால் மெஷின் மொத்தத்தையும் தள்ளிவிடும். அந்தத் தாளுக்கு நாம் எங்கே போவது? சதுரக் கொப்பியைக் கிழித்து, இரண்டு தாளைப் பசை போட்டு ஒட்டி, எண்பது கட்டம் எண்ணிக் கோடு இழுத்தோம். மெஷினும் இல்லாததால் நீயே மெஷின் ஆனாய். நான் எழுதியதைக் கட்டம் கட்டமாகப் படித்து அதில் உள்ளதை மட்டும் செய்வாய். நான் மனதில் நினைத்து எழுத மறந்ததைச் செய்ய மாட்டாய். "எழுதல, செய்ய மாட்டேன்" என்று பிள்ளையார் மாதிரி அசையாமல் இருப்பாய். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஒரு பாடம் எனக்கு ஏறவே இல்லை. ஒரே இலக்கத்துக்கு உரியவை வரும்வரை கூட்டிக்கொண்டே போ, இலக்கம் மாறியதும் கூட்டுத்தொகையை அச்சடி என்பது பாடம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அம்மா கொழுந்து நிறுக்கிற எடத்துல தெனமும் நடக்கிறதுதானே இது? காலையில ஒரு நிறை, பகல்ல ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு. பேரு மாறுற வரைக்கும் கூட்டு, பேரு மாறுனாப் போடு. இந்த மெஷினு நம்ம கணக்கப்பிள்ளைதான் புள்ள. என்ன, நிறையில கை வைக்காது."

அடுத்த வருடம் விளம்பரம் மறுபடி வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போனோம். பரீட்சைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். உனக்கு முதலிடம், எனக்கு இரண்டாமிடம். பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பிரஜாவுரிமை இலக்கம் எழுத ஓர் இடம் இருந்தது. நீ அதை வெறுமையாக விட்டாய். அலுவலகப் பெண் கேட்டபோது, "எங்க அப்பாவுக்கு இந்தியன் பாஸ்போட்டுங்க, ஆனா நான் இங்கதான் பொறந்தேன்" என்றாய். அவள் கெட்டவள் இல்லை, முகம் வாடித்தான் போனது. ஆனாலும் உன் படிவத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டாள். என் அப்பா இலங்கையின் பதிவுப் பிரஜை. இலக்கம் எனக்கு மனப்பாடம். வேலை எனக்குக் கிடைத்தது. மேனேஜர் உன் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் பெஞ்சில் நான்தான் அழுதேன், நீ அழவில்லை. "விடு புள்ள, ஒருத்தியாவது உள்ள போயிட்டோம்ல. அவங்க குடுக்குற வேலைய எனக்குத் தபால்ல அனுப்பு. நான் எழுதித் தர்றேன். வேலையப் பாத்தா மேனேஜரு கேப்பாரு, இது யாரு எழுதுனதுன்னு. அப்ப என் பேரச் சொல்லு. அது போதும்."

அப்படியே செய்தோம். எனக்கு முடியாத வேலைகளை நான் டிக்கோயாத் தபாலுக்கு அனுப்புவேன். நீ வாரம் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதி அனுப்புவாய். தாளின் ஓரத்தில் தேயிலைக் கறை பிடித்த விரல் அடையாளம் இருக்கும். நான் அதைக் கம்பெனித் தாளில் அழகாகப் பிரதி பண்ணுவேன். உன் விரல் படிந்த தாளைக் கிழித்துக் குப்பையில் போடுவேன்.

முதல் மாதமே மேனேஜர் கேட்டுவிட்டார், உனக்குத் தெரியாது. லொறி உதிரிப் பாகங்களின் இருப்புப் பட்டியலை அடிக்க மெஷினுக்குக் காலை முழுவதும் பிடிக்கும். நீ எழுதியது தேநீர் வேளைக்குள் முடித்துவிட்டது. அவர் என் மேசைக்கே வந்து, "இதை யார் எழுதினது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். உன் பெயர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் உனக்கு எதற்குச் சம்பளம் என்பதாகத்தான் இருக்கும் என்று பயந்தேன். அப்பா ரிட்டயராகி இருந்தார், வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் சாக்கு. "நான்தான், சேர்" என்றேன். அவர் மனதார என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

பிறகு இன்னும் இரண்டு முறை கேட்டார். முதல் பொய்யைச் சொன்னவளுக்கு அடுத்த இரண்டும் சிரமமாக இல்லை.

உங்களுக்கு நோட்டீஸ் வந்தது. லீவு எடுத்துக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்தேன். பிளாட்போம் முழுக்க ஒப்பாரி, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு கதறுகிறார்கள். நீ மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நான் கடைசியாக அனுப்பிய வேலையை மடித்து என் கையில் வைத்தாய். "ரெண்டு தடவ சரி பாத்துட்டேன். ஓடும்" என்றாய். கோச்சி கூவியது. உன் அம்மா உள்ளேயிருந்து உன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். படியில் கால் வைத்தவள் திரும்பினாய்.

"ஏம் புள்ள, இத்தன வேலை பாத்தும் அவங்க கேக்கவே இல்லியா?"

"இல்லடி, கேக்கல" என்றேன்.

நீ தலையாட்டினாய். என்மேல் உனக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை. அந்த வேலையும் மறுநாள் ஓடியது, ஒரு பிழைகூட இல்லை.

மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் எழுதினாய். பிறகு நீலகிரியிலிருந்து. அங்கேயும் கொழுந்துதான். ஒருமுறை கோயம்புத்தூருக்குப் போய் ஒரு கம்பெனியில் கேட்டிருக்கிறாய். "ஆர்.பி.ஜி. தெரிஞ்ச ஆளு வேணும்னுதான் சொன்னாங்க. எங்க படிச்சேன்னு கேட்டாங்க, லயத்துலன்னேன். மெஷினத் தொட்டிருக்கியான்னு கேட்டாங்க, இல்லன்னேன். சிரிச்சுட்டாங்க புள்ள" என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே: "நான் உனக்கு எழுதித் தந்ததெல்லாம் நான்தான் எழுதினேன்னு உங்க கம்பெனியில ஒரு கடுதாசி வாங்கி அனுப்ப முடியுமா? அது இருந்தா எடுத்துக்குவாங்க."

நான் பதில் போட்டேன். ஹட்டனில் மழை அதிகம், அம்மாவுக்கு மூட்டுவலி, தங்கைக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது. நீ கேட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ இன்னொரு முறை கேட்டாய். அதற்கு நான் பதிலே போடவில்லை. கடிதம் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

எண்பத்து மூன்றில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த ஆடிக் கலவரத்தில் நானும் உடுத்த சேலையோடு ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்தேன். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மேனேஜரே இறங்கி, என் பெயரைச் சொல்லிக் கூட்டத்துக்குள் தேடிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள், அந்த மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். என்னைத் தன் வீட்டில் தங்கவைத்தார். சிங்களப் பெரியவர், அவருக்கும் அது ஆபத்துதான். நீ சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. அவர்கள் தேடி வந்தார்கள். அந்தக் காரில் ஏறியிருக்க வேண்டியவள் நீ என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஏறினேன்.

இன்று காலை, போஸ்டர்காரர் முன்னால் அழுத முகம் இன்னும் வீங்கியிருக்க, நான் மேனேஜர் அறைக்குப் போனேன். உதிரிப் பாகப் பட்டியலை எழுதியது நான் இல்லை என்றேன். அதற்குப் பின் வந்த நல்ல வேலை எதுவும் என்னுடையது இல்லை என்றேன். திட்டுவார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று ஒரு பையில் என் சாமான்களைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்றார். "இந்த வேலைக்கு ஆள் இல்லாமல் நான் எப்படித் தவித்தேன் என்று உனக்குத் தெரியுமே. இந்தியப் பாஸ்போட் உள்ள இரண்டு மெக்கானிக்குகளுக்கு நான் கடிதம் கொடுத்து விசா நீட்டி வாங்கியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க மாட்டேனா?"

இத்தனை வருடமும் நான் செய்தது பொய் சொன்னது மட்டும்தான், உன்னை அனுப்பியது சட்டம் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லி வந்தேன். அந்த ஆறுதலும் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க நீ இல்லை. கேட்டிருந்தாலும் நீ, "விடு புள்ள" என்றிருப்பாய்.

அவர் மேசையிலிருந்து ஒரு தாளை இழுத்தார், பேனாவைத் திறந்தார். புது மெஷின் வருகிறது, இப்போதும் ஆள் இல்லை என்றார். "அந்தப் பெண்ணின் பெயர் என்ன?"

உன் பெயரைச் சொன்னேன். அந்தக் கட்டடத்துக்குள் அதை நான் சொன்னது அதுதான் முதல்முறை. அவர் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "இப்போது எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டார்.