சைவ வீட்டுக்கு வந்த புள்ளிப்பூனை

யூலை 14, திங்கள்

எனக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை முதலில் எழுதிவைக்கிறேன். என் மகள் சுபாஜினி தை மாதம் புருசனோடு கனடா போகும்போது தன் பூனையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். "சாதாரணப் பூனைதான் அப்பா, கொஞ்சம் புள்ளி இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். அது பொய்.

சாதாரணப் பூனை ஒரே பாய்ச்சலில் அலுமாரி உச்சிக்குப் போகாது. கதவுக் கொண்டியைத் தட்டித் திறக்காது. கிணற்றடித் தொட்டிக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் இருக்காது. பகல் வெளிச்சத்திலும் இதன் கண்மணி பெரிய கறுப்பு வட்டமாகவே இருக்கிறது. காட்டுக்குணம். அவள் வைத்த பேர் ரைகர், புலி என்று. அந்தப் பேரை வேலிக்கு வெளியே கேட்கும்படி கூப்பிட நான் விசரனில்லை. பூனை என்றே கூப்பிடுகிறேன்.

காலையில் பக்கத்து வளவு ஏரம்பு வேலியடியில் நின்றான்.

"சோமண்ணை, உங்கடை புள்ளிக்காரன் என்ரை பேட்டுக்கோழியைக் கொண்டுபோட்டான்."

"நீ கண்டனியோ?"

"இறகைக் கண்டனான்."

"கீரி பிடிச்சிருக்கும்."

"கீரி உங்கடை குசினி ஜன்னலுக்குள்ளாலை வீட்டுக்குள்ளை போகுமோ அண்ணை?" பிறகு சிரித்துக்கொண்டு சொன்னான்: "ஆரும் வனவிலங்குக்காரருக்குப் போன் பண்ணினால் சிறுத்தைக்குட்டி எண்டு கொண்டுபோயிடுவினம். நான் பண்ணமாட்டன். ஊர் வாயை நான் மூடேலாது, பாருங்கோ."

சிரித்துச் சொல்கிறவன்தான் செய்வான். வந்து கேட்டால் நான் எதைக் காட்டுவது? பதிவுத் துண்டு இல்லை, ஊசி போட்ட புத்தகம் இல்லை. எல்லாம் அவள் பெட்டிக்குள் கனடாவில்.

யூலை 15

ஜன்னல் எல்லாவற்றுக்கும் கம்பிவலை அடித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், புத்தகம் பார்த்தே மின்சார வேலை படித்து இந்த வட்டுக்கோட்டையில் பாதி வீட்டுக்கு வயர் இழுத்தவன். ஒரு பூனையை அடைக்கத் தெரியாதா? இனி அது வெளியே போகாது.

யூலை 17

பகல் முழுக்கக் கத்துகிறது. பூனை கத்துவது போலில்லை. மரம் அரிவது போல.

யூலை 20, ஞாயிறு

சுபாஜினி போன் எடுத்தாள்.

"அதுக்கு என்னப்பா குடுக்கிறியள்?"

"பால், சோறு, தயிர். நீ விட்டுட்டுப்போன பெட்டிச் சாப்பாடு மாசியோடை முடிஞ்சுது."

"மீன்?"

"இந்த வீட்டிலையோ?"

பிறகு, "அப்பா, அதின்ரை பூட்டன் காட்டுப்பூனை. கலப்பு இனம். அதுக்கு இறைச்சி, மீன் வேணும்" என்றாள்.

ஏழாம் மாதத்தில் சொல்கிறாள்!

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் எடுத்திருக்கமாட்டியள்."

தெரிந்தே செய்திருக்கிறாள். அம்மாவின் காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பூனைகள் பாற்சோற்றில்தான் வளர்ந்தன, ஒன்றும் செத்துப்போகவில்லை, எனக்கு ஒருவரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பின்னேரம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் ஆங்கிலத்தில் வாசித்தேன். இப்படிப்பட்ட பூனையை வாங்குமுன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்! தனியே விட்டால் வெறிபிடித்த மாதிரி அலையும். ஓடவும் ஏறவும் இடம் வேண்டும். கண்ட இடத்தில் மூத்திரம் அடிக்கும். சில நாடுகளில் அனுமதி எடுக்காமல் வைத்திருக்கவே முடியாது. எந்த மிருக வைத்தியர் பார்ப்பார் என்று முதலே கேட்டுவைக்க வேண்டும். இதில் ஒன்றையாவது அவள் சொன்னாளா? அடுத்தது உணவு. இறைச்சி என்று தொடங்கியதும் வாசிப்பதை நிறுத்தினேன்.

யூலை 29, செவ்வாய்

நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. இருபத்தைந்து நாளுக்கு இந்தப் பக்கத்தில் மீன், மச்சம் தின்கிற வீடுகளிலேயே சட்டி கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் என்றைக்குமே இல்லை.

கோயிலால் வந்தபோது குசினிக்குப் பின்னால் குணலட்சுமி குந்தியிருந்தாள். குணம் என் தங்கை. புருசன் செத்த பிறகு என்னோடுதான் இருக்கிறாள். முன்னால் பூனை. ஒரு சிரட்டையில் அவித்த மீன்தலை.

"கொடியேறின நாளிலை!"

"நான் தின்னேல்லையே அண்ணை. அதுதானே தின்னுது."

"எங்காலை வந்தது?"

"ஏரம்புவின்ரை மனிசி தந்தவ. நேற்றையான்."

"எத்தினை நாளாய் நடக்குது உது?"

"பங்குனியிலையிருந்து. கிழமைக்கு ஒருக்கா, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா. ஆளைப் பாருங்கோ அண்ணை, எலும்பு தெரியுது."

சிரட்டையைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தேன். இனி ஒரு செதில் இந்த வளவுக்குள் வந்தால் நீ வேறு வீடு பார் என்றும் சொன்னேன். சொன்னதைச் சொன்னதாக எழுதிவைக்கிறேன்.

யூலை 31

குணம் என்னோடு கதைப்பதில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஓகஸ்ட் 3

பாலை மணந்துவிட்டுப் போய்விட்டது. இரண்டு நாளாக.

ஓகஸ்ட் 6, புதன்

அலுமாரிக்குப் பாய்ந்தது. விளிம்பில் முகம் அடித்து விழுந்தது. எழும்பி மற்றப் பக்கம் நடந்து கதிரைக் காலில் முட்டியது. விளையாட்டு என்று நினைத்தேன்.

கண்ணுக்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். கண்மணி சுருங்கவில்லை.

ஓகஸ்ட் 7

படுத்திருக்கும்போது மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. முப்பதுக்குள் இருக்க வேண்டும் என்று போனில் போட்டிருக்கிறது. திரும்ப எண்ணினேன். ஐம்பது. என்ரை மூச்சையும் அதோடை சேர்த்து எண்ணிப்போட்டனோ? மூன்றாம் தரமும் எண்ணினேன். நாற்பத்தொன்பது.

அது செத்தால் அவளுக்கு நான் என்ன சொல்லுறது?

ஓகஸ்ட் 8, வெள்ளி

உடுப்புக் கூடையில் வைத்து மூடிக் கட்டி ஓட்டோவில் கொண்டுபோனேன். நான் கேளாமலே குணமும் ஏறினாள். கதைக்கவில்லை.

மிருக வைத்தியர் துஷாந்தினி சின்னப் பிள்ளை, சுபாஜினியை விட இளமை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, சாப்பாடு என்ன?"

சொன்னேன். எங்கள் வீட்டுப் பழைய பூனைகளையும் சொன்னேன்.

"அதுகள் வளவிலை எலி, ஓணான் பிடிச்சுத் திண்டு சமாளிச்சிருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிராது. ரோரின் எண்டு ஒரு சத்து இருக்கு. இறைச்சி, மீனிலைதான் கிடைக்கும். பூனையின்ரை உடம்பு அதைத் தானாய்ச் செய்யாது. அது இல்லாட்டி இதயமும் கண்ணும் பழுதாகும். இது கனநாளாய் நடந்துகொண்டு வந்திருக்கு. வெளியிலை விடுறனீங்களோ?"

"வலை அடிச்சுப் போட்டன்."

"அப்ப இடைக்கிடை வேறை ஏதோ கிடைச்சிருக்கு. இல்லாட்டி இவ்வளவுக்கு இது நிண்டிராது."

குணம் கூடையின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இண்டைக்கே மீனோ கோழியோ அவிச்சுக் குடுங்கோ. குளிசையும் தாறன். இதயம் தெளியலாம். கண்ணிலை போனது போனதுதான்."

"நல்லூர்த் தீர்த்தம் முடிய இன்னும் பதினாலு நாள் கிடக்கு, பிள்ளை."

"அதுக்குப் பதினாலு நாள் இல்லை ஐயா."

ஓகஸ்ட் 9

குளிசையைத் தயிரில் கரைத்துக் கொடுத்தேன். அது போதாதா? வைத்தியர்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள். அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பா?

மூச்சு ஐம்பத்திரண்டு.

அம்மா செத்து முப்பது வருசம். பூனை இன்னும் சாகேல்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

எழுபத்துமூன்று வயதில் முதல் தடவையாகச் சங்கானைச் சந்தையில் மீன் பக்கம் போனேன். குணத்தை அனுப்பியிருக்கலாம். எறிந்தவன் நான்.

திருநீறோடு வந்து நின்ற என்னை மீன் விற்கிற மனிசி மேலும் கீழும் பார்த்தாள். "என்ன ஐயா, குழம்புக்கோ பொரிக்கவோ?"

"பூனைக்கு."

"கொடியேறி நிக்குது, பூனைக்காம்!" பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்கும்படி சொன்னாள். "வேட்டி கட்டின பூனை போலை. பயப்பிடாதேங்கோ ஐயா, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

சந்தையே சிரித்தது. சூடைமீன் வாங்கினேன். சுத்தம் செய்து தரட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டு வந்து, வளவின் மூலையில் கத்தியோடு ஒரு மணித்தியாலம் மினைக்கெட்டேன். மூன்று கல் வைத்துத் தகரப் பேணியில் அவித்தேன். அந்தக் கத்தியும் பேணியும் இனி வீட்டுக்குள் வராது. அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் கையிலிருந்து தின்றது. பல் படாமல் நாக்கால் எடுத்தது.

ஓகஸ்ட் 16

மூச்சு முப்பத்தாறு. சட்டி கழுவிக்கொண்டிருந்த குணம் திரும்பாமலே கேட்டாள்: "முள்ளு எடுத்தனீங்களோ?" பதினெட்டு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

"ஓம்" என்றேன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

தீர்த்தம். போகவில்லை. எத்தனை சவுக்காரம் போட்டாலும் கையில் மணம். போகவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் இருந்துகொண்டேன்.

செப்டெம்பர் 5, வெள்ளி

வைத்தியரிடம் போய் வந்தோம். இதயம் தெளிந்துவிட்டது. கண், அவர் சொன்னபடிதான். நிழல் தெரியலாம் என்கிறார்.

இனிச் செய்ய வேண்டியவை:

கொழும்பில் சுபாஜினிக்கு இந்தப் பூனையை விற்றவன்: விற்குமுன் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாங்குகிறவன் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். விலாசம் கிடைத்ததும் இதை அவனுக்கு நானே எழுதுவேன்.

சுபாஜினி: பதிவுத் துண்டும் ஊசிப் புத்தகமும் இந்த மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். என்னிடம் மறைத்தது பிழை என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, நான் செய்ததை நானே அவளுக்குச் சொல்வேன். குணம் சொல்லக் கூடாது.

ஏரம்புவின் மனிசி: மீன் தருவதென்றால் படலையால் வந்து தர வேண்டும். வேலிக்கு மேலால் வேண்டாம்.

குணலட்சுமி: கதிரையை இழுத்தால் இழுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். வீட்டில் ஒரு சாமானும் இடம் மாறக் கூடாது.

நான்: மீன் வெட்டுவது. கிணற்றடித் தொட்டிக்கு மூடி போடுவது. வீட்டுக்குள் நடக்கும்போது ஏதாவது கதைத்துக்கொண்டே நடக்க வேண்டும், எந்தப் பக்கத்தால் வருகிறேன் என்று அதற்குத் தெரிய வேண்டும். என்ன கதைப்பது என்று தெரியாமல் இன்று பேப்பரில் மரண அறிவித்தல்களைச் சத்தமாக வாசித்தபடி நடந்தேன். மூன்றாவது ஆளின் பேர் வரும்போது அது முகத்தை என் பக்கம் திருப்பியது. நாளைக்கும் அப்படியே செய்ய வேண்டும்.